நாலாம் நம்பர் ட்ரம்

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று பெண்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் இருபத்தைந்து வருஷம் நின்ற அறையில் இப்போது நிற்பவர்கள். புது மெஷின் வந்துவிட்டதாம். சாமானை உள்ளே வைத்துக் கதவை மூடினால் போதுமாம். எவ்வளவு சூடு, எத்தனை நிமிஷம் என்பதையெல்லாம் அதுவே ஒரு சீட்டில் அச்சடித்துத் தள்ளிவிடுகிறதாம்.

"இனிமே நம்ம வாயைத் தொறக்கவே வேணாம்மா, சீட்டு பேசும்" என்றாள் அவர்களில் சிரித்த முகமாக இருந்த ஒருத்தி.

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்கத்தான் வந்திருந்தார்கள். நான் பாகூர்ப் பக்கத்துக்காரி. ஐந்தாவது வரைதான் படிப்பு. எனக்கு எழுதுவதைவிடப் பேசுவது சுலபம், பேசுவதைவிட மற்றவர்கள் பேசுவதைக் கேட்பது சுலபம். ஆபரேஷனுக்குப் படுத்திருந்த ஒரு பெரியவர் டாக்டரைப் பார்த்து, "தொறக்கறது எல்லாருக்கும் வரும் தம்பி, மூடறதுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அந்த மாதிரி வார்த்தைகளையெல்லாம் நான் சேர்த்து வைத்திருக்கிறேன். சீட்டு பேசும் என்று அந்தப் பெண் சொன்னதும் அவற்றோடு போய்ச் சேர்ந்துகொண்டது. அதனால்தான், சீட்டு பேசாத காலத்தில் நடந்த ஒன்றை எழுதுகிறேன்.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனுக்கு வேண்டிய துணி, பஞ்சு, கையுறை, கத்தி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் நீராவியில் வைத்துக் கிருமி இல்லாமல் எடுத்துத் தருவது. பலகையில் 'ஸ்டெரிலைசேஷன்' என்று எழுதியிருக்கும். எங்கள் வாயில் அது 'அவிக்கிற ரூம்'. வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர்கள் ஆவி வருவதைப் பார்த்துவிட்டு, "இட்லி எப்பம்மா ரெடியாகும்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

இருபத்து மூன்று வயதில் வார்டைத் துடைக்க வந்தவள் நான். எங்கள் பக்கம் ஆயா என்றால் பாட்டி. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத என்னை வார்டு முழுக்க ஆயா, ஆயா என்று கூப்பிட்டார்கள். ஒரு நாள் அவிக்கிற ரூமில் ஆள் வராமல் போக, என்னை நிற்கச் சொன்னார்கள். நின்றேன். மெஷினின் முள்ளைப் பார்த்து எண் படித்தேன், பாட்டில் லேபிளைப் பார்த்து இங்கிலீஷ் எழுத்துப் படித்தேன். அதற்குப் பிறகு அங்கேயே தங்கிவிட்டேன். ஆனால் இருபது வருஷம் கழித்தும் காகிதத்தில் நான் வார்டு ஆயாதான்.

எங்களுக்கு மேலே இருந்தவர் மாசேர் அலோயிசா. கன்னியாஸ்திரிகளைப் புதுச்சேரியில் பழைய ஆட்கள் மாசேர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் தியேட்டர் நர்ஸாக வேலை பார்த்து, தியேட்டர் முழுவதையும் கவனிக்கும் பொறுப்புக்கு வந்தவர். குட்டையான உருவம், கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பு, ஓசை வராத ரப்பர் செருப்பு. ஒரு வேலையைச் சொல்லி முடித்ததும் "தக்கோர்?" என்பார். பிரெஞ்சில் சரிதானே என்று அர்த்தம். நாங்களும் "தக்கோர் மாசேர்" என்போம். முருகேசன் அண்ணன் மட்டும், "தக்காளி மாசேர்" என்று வாய்க்குள்ளேயே சொல்லிவிட்டு முகத்தை அப்பாவியாக வைத்துக்கொள்வார். தியேட்டருக்கு சாமான் தூக்கிப் போகும் அட்டெண்டர் அவர்.

மாசேர் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. நான் சேர்ந்த புதிதில், ஊசியெல்லாம் கொதித்துவிட்டதா என்று கேட்டார். ஆச்சு மாசேர் என்றேன்.

"பாத்தியா, நினைக்கிறியா?"

எனக்குப் புரியவில்லை.

"கொதிக்கறத உன் கண்ணால பாத்தியா, இல்ல இவ்ளோ நேரம் ஆச்சே கொதிச்சிருக்கும்னு நினைக்கிறியா?"

நினைத்துத்தான் சொன்னேன். அதை அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "சரி, போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றார், அவ்வளவுதான். இந்தக் கேள்வியை அவர் ஆயாவிடமும் கேட்பார், பெரிய டாக்டரிடமும் கேட்பார். ஒருமுறை பூசைக்கு வந்த சாமியாரிடம், "பின்வாசல் பூட்டியிருக்கா? பாத்தீங்களா, நினைக்கிறீங்களா ஃபாதர்?" என்று கேட்டுவிட்டார். ஃபாதர் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

இனி ட்ரம்மைப் பற்றி. துணிகளை மடித்து அடுக்கும் உருண்டையான எவர்சில்வர் டப்பா அது. பக்கவாட்டில் வரிசையாகத் துளைகள் இருக்கும், அவற்றின் மேல் நகர்கிற மாதிரி ஒரு தகட்டு வளையம் இருக்கும். வளையத்தைத் தள்ளினால் துளைகள் திறக்கும், திருப்பித் தள்ளினால் மூடும். மெஷினுக்குள் வைக்கும்போது துளைகள் திறந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஆவி உள்ளே போய்த் துணியின் நடுமடிப்பு வரைக்கும் நுழையும். அரை மணி ஓடி, காய்ந்து, வெளியே எடுத்தவுடன் துளைகளை மூடிவிட வேண்டும். இல்லையென்றால் வெளிக்காற்று உள்ளே போய்விடும். மூடியின் மேல் ஒரு டேப் ஒட்டுவோம். அதிலிருக்கும் வெளிறிய கோடுகள் சூடு பட்டதும் கறுத்துவிடும். தியேட்டரில் இருப்பவர்கள் பார்ப்பது அந்தக் கறுப்பைத்தான்.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. துளைகளைத் திறக்க மறந்து ட்ரம்மை மெஷினுக்குள் வைத்துவிட்டாலும், வெளியே ஒட்டிய டேப் கறுத்துவிடும். டேப்புக்கு வெளிச்சூடு மட்டும்தான் தெரியும். உள்ளே ஆவி போனதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. அது தெரிய வேண்டியது திறந்து மூடிய கைக்குத்தான்.

எங்களிடம் நான்கு ட்ரம் இருந்தன. மூன்று சமர்த்து. நாலாம் நம்பர் ட்ரம்முக்கு எப்போதோ கீழே விழுந்து வளையம் நெளிந்துபோயிருந்தது. சூடாக இருக்கும்போது அது நகரவே நகராது. துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கை அடிப்பாகத்தால் ஓங்கி ஒரு அடி அடித்தால்தான் 'டக்'கென்று மூடும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் மாமியார் ட்ரம். அடிக்கும்போது மட்டும் அதற்கு மருமகள் என்று பெயர் மாற்ற வேண்டும் என்பார் முருகேசன் அண்ணன்.

சுனாமிக்கு அடுத்த வருஷம். பிள்ளைச்சாவடியிலிருந்து ஒரு மீனவர் வந்து சேர்ந்தார். புது ஃபைபர் போட்டைக் கரையில் ஏற்றும்போது அது சரிந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. உள்ளே பிளேட் வைக்க வேண்டும். அவர் மனைவி செல்வி முப்பது வயது இருப்பாள், கணீர்க் குரல். வார்டில் யாரிடமோ, "கடல் வந்து ஊட்ட எடுத்துக்கிச்சு, போட்டு வந்து கால எடுத்துக்கப் பாக்குது. நான் ஒருத்திதான் அவர ஒண்ணும் பண்ணல" என்று சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அப்படித்தான் பழக்கம்.

அதே மாதத்தில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. என்னைப் போல ஆயா என்ற பெயரில் வேறு வேலை செய்கிறவர்களை டெக்னீஷியன் என்று மாற்ற ஆபீஸில் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. என் பெயரை மாசேர் எழுதி அனுப்பியிருந்தார். பட்டியலில் வராதவர்களை வார்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. எனக்கு முழங்கால் வலி தொடங்கியிருந்த சமயம் அது. மறுபடியும் பெட்பான் தூக்கிக்கொண்டு வார்டு வார்டாக நடக்க அந்தக் கால் தாங்காது.

ஆபரேஷன் அன்று காலை ஏழு மணிக்கு நான்கு ட்ரம்களையும் மெஷினுக்குள் ஏற்றினேன். ஏற்றிக்கொண்டிருந்தபோது வார்டிலிருந்து போன் வந்தது, கட்டுப் போடும் செட் ஒன்று உடனே வேண்டுமென்று. ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்து, கதவை மூடி முறுக்கினேன். எல்லாம் முடிந்து வெளியே எடுத்தேன். முதல் ட்ரம் பிரசவ அறைக்கு, இரண்டும் மூன்றும் வார்டுக்கு. டாக்டர்கள் போடும் அங்கியும் நோயாளி மேல் விரிக்கும் துணிகளும் அடுக்கிய நாலாம் நம்பர், எலும்பு ஆபரேஷனுக்கு. முருகேசன் அண்ணன் வந்து தூக்கிக்கொண்டு போனார். டேப் நன்றாகக் கறுத்திருந்தது.

ஒன்பதரை மணி இருக்கும். கையுறைகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். கட்டின கயிற்றை இறுக்க உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினேன். தட்டியதும் கை அப்படியே நின்றுவிட்டது.

இன்றைக்கு மாமியாரை நான் அடிக்கவில்லையே?

கண்ணை மூடிக் காலையிலிருந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். முதல் ட்ரம் மூடியது ஞாபகம் இருக்கிறது. இரண்டு, மூன்று ஞாபகம் இருக்கிறது. நாலாவதை அடித்த ஞாபகமும் இல்லை, அந்த 'டக்' சத்தமும் இல்லை. முருகேசன் அண்ணன் தூக்கிக்கொண்டு போனபோது துளைகள் மூடித்தான் இருந்தன, அதைப் பார்த்தேன். அப்படியானால் என்ன? பழக்கத்தில் அடித்து மூடிவிட்டு மறந்திருக்கலாம். அல்லது, காலையில் போன் வந்த அவசரத்தில் அதன் துளைகளைத் திறக்காமலேயே உள்ளே வைத்திருக்கலாம். மூடியபடி போனது மூடியபடி வந்திருந்தால் அடிக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது. நடந்தது இரண்டில் எது என்று எனக்குத் தெரியவில்லை.

தோலில் சின்னதாக ஒரு கட்டி அறுப்பதென்றால் பரவாயில்லை என்றுகூட மனசு கணக்குப் போட்டிருக்கும். இது எலும்பு. உள்ளே இரும்பு வைத்து மூடப் போகிறார்கள். அதில் சீழ் பிடித்தால் மாதக்கணக்கில் படுக்கை, கால் போனாலும் போகும். கடலுக்குப் போகிறவருக்குக் கால் போனால் என்ன மிச்சம்?

தியேட்டர் வாசலுக்கு ஓடினேன். முருகேசன் அண்ணன் நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"டேப்பு கறுத்துக்கீதா இல்லியா?"

"கறுத்துருக்குண்ணே."

"அப்பறம் இன்னா? உனக்குத் தெரியவே தெரியாதுன்ற. தப்பு பண்ணேன்னு தெரிஞ்சா சொல்லலாம். பண்ணேனா இல்லியான்னே தெரியலன்னு போய் யாராவது மாட்டிக்குவாங்களா? லிஸ்ட்டு வர்ற நேரம் தனம். வாய மூடிக்கினு போய் வேலயப் பாரு."

அவர் கெட்டவர் இல்லை. எனக்காகத்தான் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருப்பது போலவும் இருந்தது. தப்பை ஒத்துக்கொள்வது உண்மை பேசுவது. தெரியவில்லை என்பதை ஒத்துக்கொள்ள என்ன அவசரம்? இரண்டு அடி திரும்பி நடந்தேன். மூன்றாவது அடியில், பின்னாலிருந்து மாசேர் கேட்கிற மாதிரியே இருந்தது. பாத்தியா, நினைக்கிறியா? அவர் அங்கே இல்லை, தியேட்டருக்குள் இருந்தார்.

கதவைத் தட்டினேன்.

உள்ளே நோயாளி மேஜை மேல் உட்கார்ந்திருந்தார். முதுகில் மரத்துப்போகும் ஊசி போடுவதற்காக அவரைக் குனியச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாரம் ஒருமுறை வெளியிலிருந்து வரும் எலும்பு டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். நாலாம் நம்பர் ட்ரம் ஸ்டாண்டில் இருந்தது. இன்னும் திறக்கவில்லை.

"மாசேர், அந்த ட்ரம்மைத் தொறக்காதீங்க" என்றேன். சத்தம் எனக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது.

டாக்டர் திரும்பினார். "ஏன், என்ன ஆச்சு?"

"ஓட்டையைத் தொறந்து உள்ள வெச்சனான்னு எனக்கு நிச்சயமா இல்ல சார்."

"நிச்சயமா இல்லன்னா? தொறக்கலையா?"

"தெரியல சார்."

"டேப் கறுப்பா இருக்கேம்மா!"

"டேப்பு எப்படியும் கறுக்கும் சார்."

"என்னம்மா நீ, தெரியும்ன்றியா, தெரியாதுன்றியா? கைய கழுவிட்டு நிக்கறேன். பன்னண்டு மணிக்கு நான் கடலூர்ல இருக்கணும்."

மாசேர் என் அருகில் வந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, ஸ்டாண்டிலிருந்து ட்ரம்மை இறக்கச் சொன்னார்.

"தொறந்து துணியத் தொட்டுப் பாருங்க மாசேர், நடுவுல சூடா இருந்தா ஆவி போயிருக்குன்னு அர்த்தம்தானே?" என்றார் டாக்டர்.

"சூடா இருந்தா என்ன டாக்டர் செய்யப் போறோம்? அப்பவும் நினைக்கத்தானே போறோம்?" என்றார் மாசேர். "திருப்பிப் போடு தனம். தக்கோர்?"

"தக்கோர் மாசேர்" என்றேன்.

மறுபடியும் சூடேறி, அரை மணி ஓடி, காய்ந்து வர ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. டாக்டர் அதுவரை நிற்கவில்லை. சாயந்திரம் நாலு மணிக்கு வருகிறேன் என்று தொப்பியையும் முகமூடியையும் கழற்றிப் போட்டுவிட்டுப் போனார். முந்தின நாள் ராத்திரியிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்த அந்த மனிதரைத் திரும்பவும் வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். இன்னும் ஆறு மணி நேரம் பட்டினி.

நான் ட்ரம்மைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறேன், எதிரே செல்வி.

"இன்னா யக்கா, உள்ள கொண்டுபோய்ட்டு வெளிய இட்டாந்துட்டாங்க? இன்னா ஆச்சு? பசியில மனுஷன் கண்ணு சொருவுறாரு."

உள்ளே அத்தனை பேர் முன்னால் உண்மையைச் சொன்ன வாய், இந்த ஒருத்தி முன்னால் சொல்லவில்லை. "மெஷின் ரிப்பேருமா" என்றேன். எப்படி வந்தது என்றே தெரியவில்லை. அவ்வளவு சரளமாக வந்தது.

"தோ பார்றா, மெஷினுக்கும் இன்னிக்குத்தான் நேரம் பாத்திருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் புருஷனிடம் போனாள்.

நாலு மணிக்கு டாக்டர் வந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் தடவை போட்டபோது மாமியாரின் ஓட்டைகளை நான் திறந்ததையும், பிறகு மூடியதையும் மாசேர் பக்கத்தில் நின்று பார்த்தார். அந்த அடி கட்டிடம் முழுக்கக் கேட்டிருக்கும்.

டாக்டர் ஆபீஸில் சொல்லிவிட்டார். எனக்கு ஒரு மெமோ வந்தது. பட்டியலும் வந்தது, என் பெயர் அதில் இல்லை. ஆனால் வார்டுக்கு அனுப்பவில்லை, மாசேர் விடவில்லை. முருகேசன் அண்ணன் மெமோவை வாங்கிப் படித்துவிட்டு, "எய்திக் குட்த்துட்டாங்க பாரு, 'கவனக்குறைவு'ன்னு. கவனமா இருந்ததுக்கு இன்னா பேரு வெப்பாங்களாம்?" என்றார். அதற்குப் பிறகு அவரே ஒரு காரியம் செய்தார். ட்ரம்மைத் தூக்க வரும்போதெல்லாம், "யம்மா, மூடினியா? நான் பாக்கலாமா?" என்று கேட்டு வளையத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தூக்குவார். மாசேரும் புதிதாக ஒரு வழக்கம் கொண்டுவந்தார். துணிகளின் நடுமடிப்பில் ஒரு துண்டு டேப்பை வைக்க வேண்டும். தியேட்டரில் திறந்ததும் அது கறுத்திருந்தால்தான் துணியைத் தொடலாம். டெக்னீஷியன் என்ற பெயர் எனக்கு அடுத்த வருஷம் வந்தது.

அன்று காலை துளைகள் திறந்திருந்தனவா, மூடியிருந்தனவா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஆச்சரியம் என்னவென்றால், அது என் தூக்கத்தை ஒரு நாளும் கெடுத்ததில்லை. கெடுத்தது அந்த 'மெஷின் ரிப்பேர்'தான். செல்வி வார்டில் இருந்த நாள்களிலெல்லாம் அவளைத் தாண்டிப் போகும்போது கையில் ஏதாவது வேலை இருப்பது போல வேகமாகப் போவேன்.

மூன்று மாதம் கழித்து, எலும்பு டாக்டர் வரும் நாளில், செல்வியும் புருஷனும் காலைக் காட்டுவதற்கு வந்தார்கள். அவர் கையில் ஒரு கம்பு இருந்தது, ஆனால் அதை ஊன்றவில்லை, சும்மா பிடித்திருந்தார். ஒவ்வொரு படியாக ஏறினார். செல்வி பின்னால் வந்தாள். வரிசையில் உட்கார்ந்தவளிடம் போய் நின்றேன்.

"செல்வி, அன்னிக்கு மெஷின் ரிப்பேர் இல்ல. துணியை ஒழுங்கா அவிச்சனான்னு எனக்கே சந்தேகம். அதான் திருப்பிப் போட்டோம். உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒழுங்கா அவிக்கலையா?"

"தெரியல."

"தெரியலன்றதுக்கா அவர அத்தினி நேரம் பட்டினி போட்ட?"

"ஆமா."

கையை நீட்டிப் புருஷனைக் காட்டினாள். "இவரு போட்ல ஏறி உக்காந்ததும் கேப்பேன், டீசல் பாத்தியான்னு. 'பாத்தாப்பல இருக்குது'ன்னுவாரு. இறங்கிப் பாருன்னுவேன். திட்டிகினே இறங்குவாரு. முக்காவாசி நாள் டீசல் ரொம்பித்தான் இருக்கும். ஆனாலும் மறுநாளும் இறக்குவேன்." புருஷன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். "அதுல நீ பண்ணது சரி. ஆனா எங்கிட்ட பொய் சொன்ன பாரு, அதுக்குத் தனியா இருக்கு" என்று ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு அவள் விட்ட திட்டு இருக்கிறதே, அதை ஆண்டு மலரில் எழுத முடியாது. "பெரிய மன்சி மாதிரி இருக்க, மெஷினு மேல பழி போட்டியே, மெஷினு வந்து கேக்காதுன்னுதானே?" என்பது மட்டும் எழுதத் தகுந்தது. வரிசையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் நின்று முழுவதையும் வாங்கிக்கொண்டேன். முடித்துவிட்டுக் கூடையைத் திறந்து, வாழையிலையில் சுற்றிய நாலு வஞ்சிரத் துண்டுகளை எடுத்து என் கையில் வைத்தாள். "உனக்குத்தான் எடுத்தாந்தேன். நீ பொய் சொன்னன்னு தெரியறதுக்கு முன்னாடியே எடுத்தாந்தது, திருப்பி எடுத்துக்கினு போவ முடியாது. புடி."

டாக்டர் கூப்பிட, செல்வியின் புருஷன் கம்பை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே நடந்து போனார்.

நான் அவிக்கிற ரூமுக்குத் திரும்பினேன். மத்தியான ஈடு முடிந்து ட்ரம்கள் காய்ந்திருந்தன. மீனை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டுக் கை கழுவினேன். ஒன்று, இரண்டு, மூன்று மூடினேன். நாலாவதைத் துணியால் பிடித்தேன். மூன்று மாதமாக நெஞ்சில் இருந்தது அன்று இல்லை, கை லேசாக இருந்தது. பார்த்துக்கொண்டே ஓங்கி அடித்தேன். 'டக்'கென்று மூடியது.